மாம்பழ மணத்தில் மறைந்திருக்கும் நஞ்சு

இல்லமும் உடல்நலமும்



திருவண்ணாமலையை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலில் எனக்கு நெடுநாளாகப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. தந்தை வாடகை வண்டி ஓட்டுபவர். தாய் வீட்டிலிருந்தபடியே தையல் தைத்துக் குடும்பத்திற்குத் தோள் கொடுப்பவர். மகன் பதினோராம் வகுப்பில் படிக்கிறான். சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை அவ்வில்லத்திற்குச் சென்றிருந்தேன். மணமாகிச் சென்ற மூத்த மகளும் தன் மூன்று வயதுக் குழந்தையுடன் வந்திருந்தாள். வழக்கமாகக் கலகலப்பாக இருக்கும் வீடு அன்று ஏனோ வாடிக் கிடந்தது.

காப்பி கொடுத்துவிட்டு அந்த அம்மையார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பொருளை எடுத்து என் முன் வைத்தார். விரல் நீளம், பளபளக்கும் ஊதா நிறம், ஒரு முனையில் ஊதல் போன்ற சிறு வாய்.

“இது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. துவைக்கப் போட்ட தம்பியின் காற்சட்டைப் பையில் கிடந்தது. கணினியில் செருகும் பென் டிரைவ் என்று எண்ணி மேசைமேல் வைத்தேன். குழந்தை அதை எடுத்து முகர்ந்து பார்த்து, ‘பாட்டி, மாம்பழம்’ என்று வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கி எறிந்தேன். அதிலிருந்து எண்ணெய் போல ஏதோ கசிந்து கையெல்லாம் ஒட்டியது. தம்பியைக் கேட்டால் வாய் திறக்க மறுக்கிறான்” என்றார்.

அது ‘வேப்’ எனப்படும் மின் சிகரெட்டு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்ட பொருள். கடையில் வைத்து விற்க இயலாத அது, கைப்பேசி வழியாகவும் கள்ளச் சந்தை வழியாகவும் பள்ளிச் சிறுவனின் பைக்குள் வந்து சேர்ந்திருந்தது. அன்று அவ்வீட்டில் இரவு வெகுநேரம் வரை நாங்கள் பேசியவற்றையும், அதன் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். ‘நம் வீட்டுப் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன்’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்தத் தாயும் அவ்வாறே எண்ணியிருந்தார்.

இது என்ன கருவி?

ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளுநர் 2003ஆம் ஆண்டில் இன்றைய மின் சிகரெட்டுக்கு அடிகோலினார். அவரும் கடும் புகைப்பழக்கம் உடையவர். புகையிலையை எரிக்காமல் அதன் நிக்கோட்டினை மட்டும் உடலுக்குத் தந்தால் தீங்கு குறையுமே என்பது அவருடைய எண்ணம்.

கருவியின் அமைப்பு எளியது. உள்ளே ஒரு சிறு லித்தியம் மின்கலம். அதனோடு இணைந்த மெல்லிய உலோகக் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சை நனைத்தபடி ஒரு நீர்மம். வாயில் வைத்து உறிஞ்சியவுடன் கம்பி சூடேறும். நீர்மம் மிக நுண்ணிய துளிகளாக மாறி நுரையீரலுக்குள் செல்லும். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், பழ வாசனைச் சேர்மங்கள் ஆகியவையே அந்நீர்மத்தில் பொதுவாகக் கலந்திருக்கும்.

“இது சிகரெட் இல்லை ஐயா, வெறும் நீராவிதான். கெட்ட நாற்றமும் கிடையாது” என்று அன்று அந்தப் பையன் மெல்லிய குரலில் வாதாடினான். நீராவி என்று எண்ணுவதுதான் முதல் ஏமாற்று. இட்டிலிப் பானையில் எழுவது நீராவி. இதிலிருந்து எழுவதோ எண்ணெய்ப்பசையும் வேதிப்பொருள்களும் கலந்த நுண்துளிப் படலம். நாற்றமில்லை என்பதனால் நஞ்சில்லை என்று ஆகிவிடாது. தாயாரின் மூக்குக்குத் தெரியாமல் படிப்பறையிலேயே உறிஞ்சலாம் என்னும் வசதியை மட்டுமே அது தருகிறது.

இரண்டாவது ஏமாற்று நிக்கோட்டினின் அளவு. சாதாரண சிகரெட்டில் நிக்கோட்டின் மிகுந்தால் தொண்டை எரியும். புதியவன் இருமித் தூக்கி எறிந்துவிடுவான். அந்த இருமலே இயற்கை அமைத்த காவல். புதிய வகைக் கருவிகளில் நிக்கோட்டினுடன் பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து உப்பாக மாற்றிவிடுகின்றனர். அதனால் எரிச்சல் அடங்கிவிடுகிறது. காவல்காரனை உறங்க வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது இது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருத்தலாகாது என்று சட்டம் உண்டு. கள்ளச் சந்தையில் புழங்கும் கருவிகள் பலவற்றின் மேலட்டையில் 5 விழுக்காடு, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேரும் நிக்கோட்டின் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிகிராம் அளவே. 10 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கருவியில் எத்தனை சிகரெட்டுகளின் நஞ்சு அடங்கியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதுவும் அட்டையில் அச்சிட்டது உண்மையானால்தான்.

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கவனம், கற்றல், மனவடக்கம் ஆகியவற்றை ஆளும் பகுதிகளே இறுதியாக முதிர்கின்றன. அந்தப் பருவத்தில் மூளை நிக்கோட்டினுக்குப் பழகிவிட்டால், அடிமைத்தனம் விரைவில் வேரூன்றும். எரிச்சலும் தூக்கமின்மையும் படிப்பில் நாட்டமின்மையும் அதன் துணைகள். “இரண்டு மாதமாக இவன் சொன்னதற்கெல்லாம் சீறி விழுகிறான், தேர்வு பயம் என்று எண்ணினேன்” என்று அந்தத் தாய் கண் கலங்கியது இதனால்தான்.

கள்ளச்சாராயத்தின் தம்பி

நமக்கு அண்டை மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் நடந்ததை எவரும் மறந்திருக்க இயலாது. கருணாபுரத்தில் பாக்கெட்டுச் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இதே கொடுமை நிகழ்ந்தது. குடித்தவர்கள் மெத்தனாலைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். அது உள்ளே இருப்பதை அவர்கள் அறியவில்லை. விற்றவர்களிலும் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

கள்ளச் சந்தை மின் சிகரெட்டும் அவ்வாறானதே. உள்ளே இருப்பதை வாங்குபவனும் அறியான், கைமாற்றி விடுபவனும் அறியான். இதற்கு உலகம் கண்ட மிகத் தெளிவான சான்று 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிடைத்தது.

அவ்வாண்டுக் கோடையில் விஸ்கான்சின், இல்லினாய் மாநிலங்களின் மருத்துவமனைகளுக்கு, அதுவரை நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் மூச்சுத்திணறலுடன் வந்து சேரத் தொடங்கினர். இருமல், காய்ச்சல், நெஞ்சுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தன. எக்ஸ்-ரே படத்தில் இரு நுரையீரல்களும் வெண்படலம் படர்ந்து காணப்பட்டன. நிமோனியா என்று கருதி மருந்து கொடுத்தும் பலருக்குப் பலனில்லை. கிருமி எதுவும் அகப்படவுமில்லை. பலருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டது. அவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்த ஒன்று, மின் சிகரெட்டுப் பழக்கம்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரும் இறந்தோருமாக 2,807 பேர். அவர்களுள் மாண்டவர் 68 பேர். நோயுற்றோரின் நடுவயது 24. மிச்சிகன் மாநிலத்தின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் விளையாட்டு வீரனாகிய ஒரு பள்ளி மாணவனுக்கு 2019 அக்டோபரில் இரண்டு நுரையீரல்களையும் அகற்றிவிட்டு, இறந்த ஒருவருடைய நுரையீரல்களைப் பொருத்த நேர்ந்தது. அவனுடைய நுரையீரல்கள் அவ்வளவு கெட்டுப்போயிருந்தன.

காரணம் என்ன? நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆராய்ந்தபோது, 51 பேரில் 48 பேருக்கு அதில் வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப் பொருள் இருந்தது. நலமுடையோரிடம் எடுத்த நீரில் அது காணப்படவில்லை. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் கஞ்சாச் சாறு நிரப்பிய குழல்களைப் பயன்படுத்தியவர்கள். அவற்றை நண்பர்களிடமிருந்தும் கைமாற்று வணிகரிடமிருந்தும் வாங்கியிருந்தனர். கஞ்சாச் சாறு விலை மிகுந்தது. பாலில் நீர் கலப்பதைப் போல அதில் மலிவான எண்ணெய் கலந்தால் இலாபம் பெருகும். ஆனால் கலப்படம் வெளியில் தெரியாதவாறு பொருள் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் வைட்டமின் ஈ அசிட்டேட் பொருந்தி வந்தது. நஞ்சு வைத்துக் கொல்ல வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. பேராசை ஒன்றே போதுமானதாயிற்று.

அப்போது மிகுதியாகப் பேசப்பட்ட பெயர்களுள் ஒன்று ‘டாங்க் வேப்ஸ்’. அந்தப் பெயரில் முறையான நிறுவனம் என்று எதுவும் இல்லை. வண்ண அட்டைப் பெட்டிகளையும் வெறுங் குழல்களையும் விலைக்கு வாங்கி, எவரும் எங்கும் எதையும் நிரப்பி விற்றனர். விஸ்கான்சின் மாநிலத்தில் 2019 செப்டம்பரில் காவல்துறையினர் சோதனையிட்டபோது, ஒரு குடியிருப்பு வீட்டிலேயே ஆயிரக்கணக்கான குழல்கள் இவ்வாறு நிரப்பப்பட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

வயிறு ஏற்பது நெஞ்சு ஏற்காது

“வைட்டமின் என்றால் நல்லதுதானே ஐயா?” என்று அன்று அந்த வீட்டு மூத்த மகள் கேட்டாள். நல்ல கேள்வி. வைட்டமின் ஈ அசிட்டேட்டு முகப்பூச்சுகளில் உண்டு; சத்து மாத்திரைகளில் உண்டு. தோலில் தடவினாலும் விழுங்கினாலும் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. உறிஞ்சி நுரையீரலுக்குள் இழுத்தால்தான் ஊறு செய்கிறது.

நம் நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட மெல்லிய காற்று நுண்ணறைகள் உள்ளன. அவை ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து சுருங்குவதற்காக, உட்புறம் ஒரு வழவழப்பான படலம் பூசப்பட்டிருக்கிறது. எண்ணெய்ப் பொருள் அப்படலத்தைக் குலைத்துவிடுகிறது என்றும், சூடேறும்போது அது வேறு நச்சுப்பொருளாகச் சிதைகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வயிற்றுக்குச் செரிக்கும் ஆற்றல் உண்டு. கெட்டதை வாந்தியாக வெளியேற்றும் வழியும் உண்டு. நுரையீரலோ காற்றுக்காக மட்டுமே அமைக்கப்பட்டது. தாளிக்கும் எண்ணெய் உணவுக்கு ஏற்றது என்பதற்காக அதை மூக்கில் ஊற்றிக்கொள்வோமா?

வாசனைச் சேர்மங்களுக்கும் இது பொருந்தும். வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்னும் பொருள் தின்பண்டங்களில் சேர்க்கப்படுவது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், சோளப்பொரி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் சிலருக்குத் தீராத மூச்சுத்திணறல் கண்டது. ஆராய்ந்தபோது, வெண்ணெய் மணக் கலவையின் ஆவியைச் சுவாசித்து வந்ததால் அவர்களுடைய நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டிருந்தது தெரிந்தது. பொரியைத் தின்றவர்கள் நலமாக இருந்தனர். அதன் மணத்தை நாள்தோறும் நெஞ்சுக்குள் இழுத்தவர்களே நோயுற்றனர். மின் சிகரெட்டு நீர்மங்கள் பலவற்றிலும் இதே பொருள் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது. மாம்பழம், தர்ப்பூசணி, புதினா என்று பிள்ளைகளின் நாவில் நீர் ஊற வைக்கும் மணங்களை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினால் என்னவாகும் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைத்தபாடில்லை. நம் பிள்ளைகளின் நெஞ்சிலா அந்தச் சோதனையை நடத்திப் பார்ப்பது?

சூடேறும் கம்பியும் சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவர்களிடமிருந்து கைப்பற்றிய கருவிகளை 2023ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அவற்றில் ஈயம், நிக்கல், குரோமியம் ஆகிய உலோகங்கள் பாதுகாப்பான அளவைவிடப் பன்மடங்கு இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை முறையான அனுமதியின்றி விற்கப்பட்டவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்தி எறியும் கருவிகளுள் ஒன்று, ஒரு நாள் பயன்பாட்டிலேயே ஏறத்தாழ 20 பாக்கெட்டு சிகரெட்டுகளுக்கு மேற்பட்ட ஈயத்தை வெளியிட்டது. ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளைக்குப் பகை என்பது நெடுங்காலமாக அறிந்ததே.

மயக்க மருந்தும் உள்ளே வந்தது

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் 38 பள்ளிகளில் கைப்பற்றப்பட்ட ஏறத்தாழ 600 கருவிகளை ஆராய்ந்து, 2024ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஆறில் ஒரு கருவியில் ‘ஸ்பைஸ்’ எனப்படும் செயற்கைப் போதைப்பொருள் கலந்திருந்தது. அதை உறிஞ்சிய சிறுவர் பலர், அது ஸ்பைஸ் என்பதையே அறியாதிருந்தனர்.

நம் தமிழ் மக்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரிலிருந்து வந்த செய்தி இன்னும் அண்மையது. அங்கே 2018 முதல் மின் சிகரெட்டு வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். ஆயினும் கடத்தல் நிற்கவில்லை. பிடிபட்ட கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்ததில், மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் கலந்திருந்ததாக 2025 சூலையில் அந்நாட்டு நலவாழ்வு அமைச்சர் ஓங் யீ குங் அறிவித்தார்.

எட்டோமிடேட் என்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் ஊசி வழியே செலுத்தும் மயக்க மருந்து. பிராணவாயுவும் சுவாசக் கருவியும் அருகில் இருக்க, அளந்து கொடுக்க வேண்டியது. அதை உறிஞ்சுபவர் நின்ற இடத்திலேயே தள்ளாடுவர், வலிப்பு வரலாம், நினைவிழந்து விழலாம். நெருக்கடியில் உடலைத் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பையும் அம்மருந்து அடக்கிவிடும். தொடர்ந்து செலுத்தினால் நோயாளிகள் மிகுதியாக இறக்கின்றனர் என்பதைக் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 1983ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். மருத்துவமனையே அஞ்சிக் கையாளும் மருந்தைச் சிறுவர்கள் பழ மணத்தோடு உறிஞ்சியிருக்கின்றனர்! சிங்கப்பூர் அரசு 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து, கடத்துவோருக்குச் சிறையும் பிரம்படியும் விதித்தது. நம் மாவட்டத்திலிருந்து அங்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் பிடிபடும் அயல்நாட்டார் வேலை அனுமதியை இழந்து ஊர் திரும்ப நேரிடும். விடுமுறையில் வரும்போது ‘தம்பிக்கு ஒன்று’ என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் இங்கே குற்றமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18ஆம் நாள் நடுவணரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு திசம்பரில் அது பாராளுமன்றச் சட்டமாயிற்று. தயாரித்தல், இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை தண்டமும் உண்டு. சேமித்து வைப்பதும் குற்றமே. 18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருளோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்க இடமுண்டு.

ஆயினும் 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்திரா துறைமுகத்தில் மட்டும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின் சிகரெட்டுகள் ஒரே முறையில் பிடிபட்டன. பிடிபட்டது அவ்வளவு எனில், பிடிபடாமல் நழுவியது எவ்வளவோ?

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். “தடை செய்ததால்தான் கள்ளச் சந்தை பெருகியது, இங்கிலாந்தில் மருத்துவர்களே புகைப்பவர்களை இதற்கு மாறச் சொல்கிறார்களே” என்பர் சிலர். உண்மைதான்; பல்லாண்டு புகைத்து விட முடியாமல் தவிக்கும் முதியவர், அளவு குறித்து ஆய்வு செய்யப்பட்ட கருவிக்கு மாறினால் தீங்கு குறையும் என்பது அந்நாட்டு மருத்துவர்களின் கருத்து. ஆனால் அதே மருத்துவர்கள், புகைக்காதவரும் சிறுவரும் அதைத் தொடவே கூடாது என்கின்றனர். பதினாறு வயதில் சிகரெட்டையே தொட்டறியாத பிள்ளைக்கு இது மருந்தன்று, நோயின் வாயில். பெயரும் ஊரும் அற்ற கள்ளக் கருவிக்கோ எந்த மருத்துவரின் பரிந்துரையும் பொருந்தாது.

அன்றிரவு கேட்ட வினா

மீண்டும் வேங்கிக்காலுக்கு வருவோம். வண்டியை நிறுத்திவிட்டு வந்த தந்தை செய்தியறிந்ததும் கையை ஓங்கினார். நான் தடுத்தேன். அப்போதுதான் பையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“நீங்கள் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிக்கலாமா அப்பா?”

வீடு முழுவதும் அமைதி. ஓங்கிய கை தானாகவே தாழ்ந்தது. சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் அமர்ந்துகொண்டார். சிறிது நேரத்திற்குப் பின் மகனை அழைத்து, “யார் கொடுத்தது?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் சினமில்லை. அதனால்தானோ என்னவோ, பையன் எல்லாவற்றையும் சொன்னான். கைப்பேசியில் அறிமுகமான ஒருவன், கணினி வகுப்புக்கு அம்மா கொடுத்த பணம், வேலூர்ச் சாலையில் இருசக்கர வண்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போனது, வகுப்பில் நான்கு பேர் மாறி மாறி உறிஞ்சியது, கடந்த இரு வாரமாகப் பந்தாட்டத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கியது எனத் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தான்.

மறுநாள் காலை தந்தையே அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவரிடம் உண்மையை மறைக்கவில்லை. நெஞ்சுப் படத்தில் அச்சப்படத்தக்கது எதுவும் இல்லை என்று அறிந்தபோது அந்தத் தாய் விட்ட பெருமூச்சு என் காதில் இன்னும் ஒலிக்கிறது.

பெற்றோர் செய்ய வேண்டுவன

முதலாவது, அடிக்காதீர்கள். அடித்தால் கருவி ஒளிந்துகொள்ளும், பழக்கம் ஒளிந்துகொள்ளாது. எங்கே கிடைத்தது, எத்தனை நாளாக, உள்ளே என்ன என்பவற்றை அறிவதே முதன்மையானது.

இரண்டாவது, அறிகுறிகளை அறிந்திருங்கள். காரணமின்றி அறையில் பழ மணம், தொடர்ந்த வறட்டு இருமல், அடிக்கடி தாகம், சிறு ஓட்டத்திலேயே மூச்சிரைப்பு, திடீர்ச் சினம், கணக்கில் வராத பணச் செலவு ஆகியவற்றைக் கண்டால் விழித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம்; ஆகவே குற்றஞ்சாட்டாமல் கேளுங்கள்.

மூன்றாவது, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத காய்ச்சல், வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே 108 வண்டியை அழையுங்கள். மருத்துவரிடம் வேப் பழக்கத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மானம் கருதி மறைத்தால், சாதாரணச் சளி என்று மருந்து கொடுத்துக் காலம் வீணாகும். அந்தக் காலமே உயிரின் விலையாகலாம். கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நான்காவது, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது வெடிகுண்டுக்குச் சமம். 2014 திசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நிக்கோட்டின் நீர்மத்தை விழுங்கிய ஒரு பச்சிளங் குழந்தை இறந்தது. அதன் பின்னரே அந்நாட்டில் அக்குப்பிகளுக்குக் குழந்தைகள் திறக்க இயலாத மூடி வேண்டும் என்று சட்டம் வந்தது. கள்ளச் சந்தைப் பொருளுக்கு எந்த மூடியும் இல்லை. குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். வாயையும் கையையும் நன்கு கழுவி, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வெளிறுதல், வியர்த்தல், எச்சில் ஒழுகுதல், வாந்தி ஆகியவை தொடக்க அறிகுறிகள். அந்த வேங்கிக்கால் குழந்தை தப்பியது பாட்டியின் விரைந்த கையால்தான்.

ஐந்தாவது, கருவியை உடைக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் வெடிக்கும். 2018 மே திங்களில் ஃபுளோரிடாவிலும், 2019 சனவரியில் டெக்சாசிலும் கருவி முகத்திலேயே வெடித்து இருவர் மாண்டுள்ளனர்.

ஆறாவது, விற்றவனைப் பற்றிக் காவல்நிலையத்தில் தெரிவியுங்கள். இச்சட்டப்படி சார்பு ஆய்வாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளோர் நடவடிக்கை எடுக்கலாம். பள்ளித் தலைமையாசிரியரிடமும் கூறுங்கள். உங்கள் மகனோடு மாறி மாறி உறிஞ்சிய மற்ற மூவரும் மற்ற மூன்று தாய்மாரின் பிள்ளைகள் அல்லரோ?

ஏழாவது, பழக்கத்தை விட உதவி நாடுங்கள். நாட்டுப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. முதல் ஒரிரு வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் தலைவலியும் இருக்கும். அவை நோயல்ல, நிக்கோட்டின் விடைபெறும்போது செய்யும் ஆர்ப்பாட்டம். அந்நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பங்கின் இளைஞர் கூட்டத்திலும் அன்னையர் கூட்டத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மருத்துவர் ஒருவரை அழைத்து இதைப் பேச வையுங்கள்.

எட்டாவதை அந்தப் பையனே சொல்லிவிட்டான். பீடியும் சிகரெட்டும் சட்டப்படி கடையில் கிடைப்பதனாலேயே தீங்கற்றவை ஆகிவிடா. நம் நாட்டில் மின் சிகரெட்டைவிட அவற்றால் மாள்பவரே மிகமிகப் பலர். தந்தையின் கையிலிருக்கும் நெருப்பு அணையாமல், மகனின் பையிலிருக்கும் கருவியைப் பிடுங்க இயலாது.

சென்ற திங்கள் அவ்வீட்டிற்கு மீண்டும் சென்றேன். பையன் பந்தாட்டத்திற்குப் போயிருந்தான். முதல் பத்து நாள் வீடே போர்க்களமாக இருந்ததாகத் தாய் கூறினார். ஒருமுறை நண்பனிடம் வாங்கி உறிஞ்சிவிட்டு, தானாகவே வந்து தந்தையிடம் சொன்னானாம். “நீங்கள் எப்படி?” என்று அவனுடைய தந்தையைக் கேட்டேன். சற்றே வெட்கத்துடன் சிரித்தார்.

“முழுதாக விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன் ஐயா. ஒரு கட்டாக இருந்தது மூன்று பீடியாகக் குறைந்திருக்கிறது. அந்த உதவி எண்ணுக்கு நாங்கள் இருவருமே பேசுகிறோம். இரவு படுக்கும்முன், ‘இன்று எத்தனை அப்பா?’ என்று அவன் கேட்கிறான். சுழியம் என்று சொல்லும் நாளுக்காகத்தான் இருக்கிறேன்” என்றார்.

அன்பார்ந்த பெற்றோரே, அந்தத் தந்தை தம் குறையை மகன் முன் ஒப்புக்கொண்டார். அதனால் மகனும் தன் குறையை மறைக்காது சொல்ல முடிந்தது. இன்றிரவு உணவு வேளையில் கைப்பேசியைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, இப்பக்கத்தை உங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்த பின் அவர்கள் கேட்கும் வினாவுக்கு, அது எவ்வளவு கசப்பானதாயினும், உண்மையான விடை கூறுங்கள்.